பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்கள்

சயாம் மரண ரெயில் பாதையில் மடிந்த தமிழர்கள்: கணக்குப் புத்தகம் விட்டதை எழுதிய நாவல்கள்

நமது தாதர் நிருபர்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1957-ம் ஆண்டு வெளிவந்த படம். டேவிட் லீன் இயக்கியது. 7 ஆஸ்கார் பரிசுகளை வாங்கியது. போர்க் கைதிகள் விசில் அடித்துக்கொண்டே அணிவகுத்து வரும் காட்சியை, ஆங்கிலம் புரியாதவர்கள்கூட மறந்திருக்க மாட்டார்கள்.

படம் எடுத்தது இலங்கையில், களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கல என்ற இடத்தில். ஆனால் கதை நடப்பது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். இரண்டாவது உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட ரெயில் பாதைதான் கதைக்களம்.

அந்தப் பாதையைப் போடப் போன பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே மாண்டார்கள். படத்தில் தமிழர் பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

எதற்காகச் சண்டை?

படத்தின் முதல் பாதியில் வரும் தகராறு என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஜப்பானிய முகாம் தலைவன், "எல்லோரும் மண் வெட்ட வேண்டும். அதிகாரிகளும் வெட்ட வேண்டும்" என்கிறான். ஆங்கிலேய கர்னல் மறுக்கிறார். "சிப்பாய்கள் வேலை செய்யட்டும். அதிகாரிகள் கையால் வேலை செய்யக் கூடாது. சர்வதேச ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது" என்கிறார். தகரக் கூண்டில் அடைத்து வெயிலில் வாட்டினாலும் அவர் அசையவில்லை. கடைசியில் ஜெயிக்கிறார். கொட்டகையில் கைதட்டல்!

கர்னலின் துணிச்சல் பெரிதுதான். ஆனால் அவர் உயிரைப் பணயம் வைத்தது எதற்காக? அந்தஸ்துக்காக. அதிகாரி மண் வெட்டியைத் தொடக் கூடாது என்பதற்காக. அதே காலத்தில், அதே காட்டில், எந்த ஒப்பந்தத்திலும் பெயர் இல்லாத ஒரு கூட்டம் மண் வெட்டிக்கொண்டிருந்தது. ஜெனீவா ஒப்பந்தம் பட்டாளத்துக் கைதிக்கு உண்டு. தோட்டக் கூலிக்கு ஏது?

இதில் இன்னொரு வேடிக்கை. மூலக் கதையான நாவலை 1952-ல் எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். போருக்கு முன்பு அவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பால்வெட்டுத் தமிழர்களை அவர் நன்றாக அறிவார். ஆனாலும் அவருடைய பாலத்தின் கதை வெள்ளைக்கார அதிகாரியின் கதையாகத்தான் வந்தது.

பாதை போட்ட காரணம்

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. அடுத்து பர்மாவும் அவர்கள் கையில். பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப வேண்டும். கடல் வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. எனவே தரை வழி தேடினார்கள்.

சயாமில் பான்பாங் அருகே தொடங்கி, மூன்று பகோடா கணவாய் வழியாக பர்மாவின் தன்பியூஸயாட் வரை 415 கிலோ மீட்டர். மீட்டர் கேஜ் பாதை. நம் ஊரில் எழும்பூரிலிருந்து தெற்கே ஒரு காலத்தில் ஓடிய அதே அகலம். நடுவில் காடு, மலை, ஆறு. போருக்கு முன்பே ஆங்கிலேயர் இந்த வழியை யோசித்து, ஆகாத வேலை என்று விட்டிருந்தார்கள்.

ஜப்பானியர் 1942-ம் ஆண்டின் நடுவில் இரு முனைகளிலிருந்தும் வேலையைத் தொடங்கி, 1943-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். தண்டவாளம் போன வழியில் மனிதர்களும் போனார்கள்.

வேலை செய்த போர்க் கைதிகள் சுமார் 60 ஆயிரம். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 2 லட்சம். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர். இவர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம் என்று சிலரும், லட்சம் என்று சிலரும் எழுதுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரம் பேருக்கு மேல் கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

"ஒரு சிலீப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று சொல்வது உண்டு. கணக்குப் பார்த்தால் அது மிகை. ஆனால் லட்சம் பேரை 415 கிலோ மீட்டரில் பரப்பிப் பாருங்கள். நாலு மீட்டருக்கு ஒருவர். நாம் ஊருக்குப் போகும் எக்ஸ்பிரசில் ஒரு பெட்டி நீளத்துக்கு ஐந்து பேர். இந்தக் கணக்கே போதும்.

கப்பலிலேயே தொடங்கிய வகுப்பு

இந்தத் தமிழர்கள் மலாயாவுக்கு எப்படிப் போனார்கள்? தஞ்சை, திருச்சி, சேலம், ராமநாதபுரம், வட ஆற்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்து, கங்காணி கூட்டிப் போக, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். 'ரஜூலா' கப்பலைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 1926-ல் ஓடத் தொடங்கி, 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. ஆரம்பத்தில் 5 ஆயிரம் பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. மேலே சில அறைகளில் துரைமாரும் வியாபாரிகளும். டெக்கில் பாயும் தகரப் பெட்டியுமாக நம் ஜனங்கள்.

இறங்கிய இடத்திலும் அதே வரிசைதான். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணி வீடு. கிராணி என்றால் தோட்டத்து குமாஸ்தா. கடைசியில் லயம், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். துரைக்கு முழுப் பெயர் உண்டு. கிராணிக்கும் உண்டு. கூலிக்கு ஒரு நம்பரும், எந்தக் கங்காணியின் ஆள் என்ற அடையாளமும்தான்.

ஜப்பானியர் வந்ததும் துரைமார் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். அகப்பட்டவர்கள் சிறை முகாமுக்குப் போனார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. அந்த நேரத்தில் வந்தது சயாம் அழைப்பு.

மூன்று மாத வேலை

"மூன்று மாதம் வேலை. நாளுக்கு ஒரு டாலர் கூலி. சாப்பாடு இலவசம்." இப்படித்தான் முதலில் சொன்னார்கள். பசித்தவர்கள் போனார்கள். போனவர்களிடமிருந்து சேதி வரவில்லை. அதன் பிறகு தாமாக யாரும் போகவில்லை. உடனே கட்டாயம் வந்தது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரைத் தர வேண்டும் என்று உத்தரவு. இலவச சினிமா என்று கூப்பிட்டு, கொட்டகையைச் சுற்றி வளைத்து லாரியில் ஏற்றினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனை பேர் என்று உத்தரவு வந்தால், யார் யார் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும் அல்லவா? துரை இல்லாத தோட்டத்தில் பேனா யார் கையில் இருந்தது? கிராணி கையில். பெயர் கொடுப்பவர் கங்காணி. அவர்கள் கழுத்திலும் கத்தி இருந்தது என்பது உண்மை. கிராணிமாரிலும் சிலர் சயாமுக்குப் போக நேர்ந்தது என்பதும் உண்மை. ஆனாலும் வேண்டியவன் பெயர் பட்டியலிலிருந்து விடுபடுவதும், வேண்டாதவன் பெயர் ஏறுவதும் எந்த ஊரில்தான் நடக்காது? ஆபீசில் வேலை பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போகிற பட்டியல் ஒன்றுக்குத்தான் அக்கறையாகப் பெயர் எழுதினார்கள். செத்தவர் பட்டியல் எழுத யாரும் இல்லை.

காட்டில் நடந்தது

ரெயிலில் சாமான் பெட்டிகளில் அடைத்து பான்பாங் வரை கொண்டு போனார்கள். அங்கிருந்து பலர் நாள் கணக்கில் நடந்தார்கள். 1943 மழைக்காலத்தில் வேலை மிகவும் முடுக்கிவிடப்பட்டது. மே, ஜூன் மாதங்களில் காலரா பரவியது.

இங்கேதான் கைதிக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசம் உயிர் வித்தியாசமாக மாறியது. போர்க் கைதிகள் ஒரு ராணுவம். அவர்களுக்குள் அதிகாரி உண்டு, டாக்டர் உண்டு, கட்டுப்பாடு உண்டு. கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால் குடித்தார்கள். கக்கூஸ் குழி தனியே வெட்டினார்கள். யார் செத்தார், எந்த இடத்தில் புதைத்தோம் என்று ரகசியமாக எழுதி வைத்தார்கள். சில குறிப்புகளை ஜப்பானியர் கண்ணில் படாமல் கல்லறைக்குள்ளேயே புதைத்தார்கள்.

தமிழர்களுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. வெவ்வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். சில இடங்களில் பெண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். டாக்டர் இல்லை. மழைத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் அப்படியே குடித்தார்கள். காலரா வந்த முகாமில் உயிர் போனவரை எடுத்துப் போடவும் தெம்புள்ள ஆள் இல்லாமல் போயிற்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1943-ல் சிங்கப்பூர் கைதிகளிலிருந்து இரண்டு மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். மருந்து இல்லாமலே அவர்கள் முடிந்ததைச் செய்தார்கள். தமிழர்கள் பட்ட பாட்டை உலகம் முதலில் அறிந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட கைதிகளின் நாட்குறிப்புகளிலிருந்துதான். நம்முடைய சாவுக்கும் சாட்சி எழுதியது அவர்கள் பேனாதான்.

தண்டவாளத்துக்கு விலை உண்டு

போர் முடிந்தது. 1945 செப்டம்பரில் ஒரு கல்லறைக் குழு அந்தப் பாதை நெடுகப் போய்த் தேடியது. 140-க்கு மேற்பட்ட இடங்களில் 10 ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகளின் கல்லறைகளைக் கண்டுபிடித்தது. எழுதி வைத்த பட்டியல் இருந்ததால் இது முடிந்தது. இன்று காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் சுமார் 7 ஆயிரம் பேர் வரிசையாக உறங்குகிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். பெயர் தெரிந்தவருக்கெல்லாம் உலோகத் தகட்டில் பெயர், வயது, படைப்பிரிவு. சுங்காயிலும் தன்பியூஸயாட்டிலும் இதே போன்ற தோட்டங்கள் உண்டு.

தமிழருக்கு? 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியக் கூலிகளுடையவை என்றார்கள். ஒரு பெயரும் இல்லை.

ஈட்டுத் தொகையிலும் இதே கதைதான். 1951-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தில் முன்னாள் போர்க் கைதிகளுக்கு உதவ வழி வைத்தார்கள். 2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, உயிரோடு இருந்த தன் கைதிகளுக்கு ஆளுக்கு 10 ஆயிரம் பவுன் கொடுத்தது. கூலிகள் இந்தக் கணக்குகளில் வரவில்லை.

ரெயில்வேக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விவரம்: போருக்குப் பின் சயாம் பகுதிப் பாதையை ஆங்கிலேயர் தாய்லாந்து அரசுக்கு விற்றார்கள். விலை பன்னிரண்டரை லட்சம் பவுன். மலாயா போன்ற நாடுகளிலிருந்து ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளம், தளவாடங்களுக்கு அந்தப் பணம் ஈடாகப் போயிற்று. பெயர்த்த தண்டவாளத்துக்கு விலை கிடைத்தது. பெயர்த்துக்கொண்டு போன மனிதருக்கு இல்லை. அந்தப் பாதையின் ஒரு பகுதியில், நாம்தோக் வரை, இன்றும் ரெயில் ஓடுகிறது.

தாலி இருந்ததா, இல்லையா?

தோட்டத்தில் காத்திருந்தவர்களின் நிலை என்ன? கணவன் இறந்தான் என்று தந்தி வந்தால் அழலாம், தாலியை எடுக்கலாம், காரியம் செய்யலாம். வரவே இல்லை என்றால்? சுமங்கலியா, விதவையா? திதி எந்த நாளில் கொடுப்பது? பெரிய மகன் மொட்டை போடலாமா, கூடாதா? ஊரில் இருந்த தாய்க்கு என்ன எழுதுவது?

ஆணையெல்லாம் பறிகொடுத்த லயத்தில் பிள்ளைகளை யார் யாரோ எடுத்து வளர்த்தார்கள். தகப்பன் பெயர் மாறியது. ஊர்ப் பெயர் மறந்தது. "உங்கள் ஊர் எது?" என்று கேட்டால், பிறந்த தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லும் தலைமுறை வந்தது. ஒரு மனிதன் சாகும்போது அவனோடு ஒரு குடும்பத்தின் வரலாறும் எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நாவல் செய்த வேலை

அரசாங்கம் எழுதாததை எழுத்தாளர்கள் எழுதினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 1993-ல் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை வெளியிட்டார். பின்னர் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இவர் சிறுவனாக இருந்தபோது ஜப்பானியர் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்.

அதற்கு முன்பே, அந்தப் போர்க் காலத்துத் தமிழர் வாழ்க்கையை 'புயலிலே ஒரு தோணி' நாவலில் ப. சிங்காரம் எழுதியிருந்தார். இந்தோனேசியாவிலிருந்து திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் நெடுங்காலம் வேலை பார்த்தவர் அவர். பத்திரிகை ஆபீஸ் மேஜையிலிருந்தும் அப்படி ஒரு நாவல் வரும் என்பதில் நமக்கெல்லாம் பெருமை.

"நாவல் கற்பனைதானே? அதை எப்படிச் சரித்திரமாக எடுத்துக்கொள்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எத்தனை பேர், எந்தத் தேதி என்பதற்கு நாவலைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. ஆனால் கணக்குப் புத்தகமே இல்லாத இடத்தில், லயத்தில் என்ன பேசினார்கள், லாரி ஏறும்போது பின்னால் ஓடி வந்தது யார், எதை நினைத்துக்கொண்டு செத்தான் என்பதை வேறு எதில் தேடுவது? கைதிகளுக்கு நாட்குறிப்பு இருந்தது. கூலிக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் காகிதம் இல்லை. ஆகவே வாய்ச்சொல்லாக இருந்ததைப் பிள்ளைகள் தலைமுறை கதையாக எழுதியது. வாய்ச்சொல்லுக்கு வீடு நாவல்தான்.

கதையைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கேட்கத் தொடங்கினார்கள். பிழைத்தவர்களைத் தேடிப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். 2023-ம் ஆண்டு, மலேசியத் தமிழர்களின் முயற்சியால், காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயிலில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் நாட்டப்பட்டது. போர் முடிந்து 78 வருடம் கழித்து! வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். கூலிக்கும் அது உண்டு என்று ஆயிற்று.

தாதரில் இருந்து பார்த்தால்

"மலாயா கதை மும்பைத் தமிழனுக்கு எதற்கு?" என்று கேட்கலாம்.

நம் வீடுகளை விசாரித்துப் பாருங்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்களில் ஒருவன் கொழும்புக்கும், ஒருவன் பினாங்குக்கும், ஒருவன் தாராவிக்கும் போன குடும்பங்கள் எத்தனை! பஞ்சம் ஒன்றுதான், ஏறிய வண்டிதான் வேறு.

வண்டியிலும் வகுப்பு இன்னும் இருக்கிறது. தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு எக்ஸ்பிரஸ் புறப்படும்போது ரிசர்வேஷன் பெட்டியில் இருப்பவர்களுக்குப் பெயர், வயது, சீட் நம்பர் எல்லாம் பட்டியலில் உண்டு. முன்பெல்லாம் பெட்டியிலேயே ஒட்டுவோம். இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஜெனரல் பெட்டியில் கதவைப் பிடித்துத் தொங்குகிறவனுக்குப் பெயர் இல்லை. டிக்கெட்டில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும்தான் இருக்கும்.

வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் இதில் வித்தியாசம் தெரியாது. 2023-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் சிக்கியபோது தெரிந்தது. 290 பேருக்கு மேல் பலியானார்கள். ஜெனரல் பெட்டிகளில் கூலி வேலைக்குப் புறப்பட்ட ஏழைகள் நிறைய. நாலு மாதம் கழித்தும் 28 உடல்களுக்கு உரிமை கோர யாரும் வரவில்லை. அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி தகனம் செய்தது. அந்த 28 வீடுகளில் இன்றும் யாரோ காத்திருக்கக்கூடும்.

தாராவியில் புது வீட்டுக்குக் கணக்கெடுப்பு நடந்தது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே இருந்தாயா, காட்டு என்று கேட்டார்கள். நாற்பது வருடம் இருந்தவனும் ஒரு காகிதத்துக்காக அலைந்தான். பட்டியலில் பெயர் ஏறுவது என்பது சின்ன விஷயம் அல்ல என்று நம் ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

அரசாங்கப் பட்டியலுக்குக் காத்திருக்கட்டும். வீட்டுப் பட்டியலை நாமே எழுதலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் உட்காருங்கள். தாத்தா பெயர், அவர் தகப்பன் பெயர், பாட்டி பிறந்த ஊர், யார் எந்த வருடம் எங்கே போனார், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்த மில், யார் திரும்பி வரவில்லை என்று கேளுங்கள். சரியாக நினைவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஊரில் இருக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போன் போட்டு மீதியைக் கேளுங்கள். பிள்ளைகள் மராத்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இதற்கு நாவலாசிரியர் வேண்டாம். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். முதல் பக்கத்தில், திரும்பி வராதவர் பெயரை எழுதுங்கள்.